களையெடுக்கும் மன்றம்

ஹா-மோக்கெதி
1946 நவம்பர் 17

அன்புள்ள லெபூசா அண்ணனுக்கு,

தங்கை மமெல்லோ எழுதுவது. நாங்கள் வாழ்கிறோம். நீ வாழ்கிறாயா? ஜோஹானஸ்பர்க்கில், பூமிக்கடியில் தங்கம் தோண்டும் இடத்தில், மூச்சு முட்டாமல் இருக்கிறதா? இருமல் போய்விட்டதா?

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. அவள் தூங்கிய பிறகு மெழுகுவத்தித் துண்டை வைத்து எழுதுகிறேன். "அவனுக்கு ஒண்ணும் எழுதாத. சுரங்கத்துக்குள்ள நினைப்பு வேற பக்கம் போனா கல்லு தலையில விழும்" என்று சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் இருந்தால் என் தலையில்தான் விழும்போல் இருக்கிறது.

அரசாங்கம் நம் மன்றத்தை மூடிவிட்டது. நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருந்த ஊர்மன்றங்களில் நூற்றுச் சொச்சம் மட்டும் போதுமாம். நம் ஊர் அதில் இல்லை. பெரிய தலைவரின் குமாஸ்தா ரமைலி வந்து, மாட்டுப்பட்டி ஓரத்தில் மன்றம் கூடும் நாணல் தட்டிக்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து இதைச் சொன்னார். இனி வழக்கென்றால் மலைக்கு அந்தப் பக்கம், பெரிய தலைவரிடம் போக வேண்டும். அபராதம் அரசாங்கக் கருவூலத்துக்கு. அம்மா வழக்குக் கேட்கக் கூடாது. தலைமை வயலில் வேலை செய்ய ஊராரைக் கூப்பிடவும் கூடாது. மீறினால் சிறை.

அம்மா எழுந்து கேட்டாள்: "உங்க கையாலதான் இந்த நாட்டை ஆள்றோம்னு வெள்ளைக்காரத் துரை எப்பவும் சொல்வாரே. இப்ப அந்தக் கையிலேயே விரலை வெட்டுறாரா?"

"வெட்டலம்மா. மோதிரம் போடுறாங்க. தலைவருங்களுக்கு மாசச் சம்பளம் வரப்போகுது."

"விரல் இல்லாத கையில மோதிரம் எங்க நிக்கும், ரமைலி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போன பிறகு, நீ வரும்வரை ஊர்த் தலைமையில் உன் இடத்தில்தான் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன்? பயமாக இருக்கிறது. பதிலைக் கடைக்காரர் விலாசத்துக்கு அனுப்பு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தலைக்கு மேல் இருக்கும் கல் அசையாமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
மமெல்லோ


ஜோஹானஸ்பர்க்
1946 டிசம்பர் 8

தங்கை மமெல்லோவுக்கு,

நான் வாழ்கிறேன். நீங்கள் வாழ்கிறீர்கள் என்று படித்துச் சந்தோஷம். இருமல் இருக்கிறது; எல்லோருக்கும் இருக்கிறது.

எனக்கு எழுதியது நல்ல காரியம். அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாமல், நீயே சொல்வதுபோல் சொல்: சட்டம் வந்துவிட்டால் அது வந்ததுதான். நாணல் தட்டியைப் பிரித்து அடுப்பில் வைத்துவிடச் சொல். வழக்கென்று யார் வந்தாலும் மலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டட்டும். நாட்டை ஆளும் முதலைக் குலத்தில் பிறந்த பெண் சிறைச்சாலையில் தரை கழுவினாள் என்று என் பிள்ளைகள் கேட்க வேண்டாம்.

மழை பெய்ததா? சோளம் முளைத்ததா? வயலைத் தனியாக எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள்? இரண்டு பேரைக் கூலிக்குப் பிடிக்கச் சொல். அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன்.

மழையும் அமைதியும் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

லெபூசா


ஹா-மோக்கெதி
1946 டிசம்பர் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் வாழ்கிறோம். நீயும் வாழ வேண்டும்.

நீ சொன்னதைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே கீரையைக் கிள்ளினாள். "இது உன் வாய்ப் பேச்சு மாதிரி இல்லையே" என்று மட்டும் சொன்னாள். நான் தண்ணீர் எடுக்க ஓடிவிட்டேன்.

கூலிக்கு ஆள் தேவைப்படவில்லை, அண்ணா. திங்கட்கிழமை விடியும்போது அம்மாவும் நானும் மட்டும் மண்வெட்டியோடு வயலுக்குப் போனோம். பாதி வரிசை போயிருப்போம், பின்னால் பாட்டு கேட்டது. திரும்பினால் ஊரே வருகிறது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அம்மா நிமிர்ந்து, "நான் யாரையும் கூப்புடலயே" என்றாள்.

"கூப்புட்டா உனக்குச் சிறை. கூப்புடாம வந்தா யாருக்குச் சிறை?" என்றார் கிழவர் ட்ஸெலா.

அது மட்டும் இல்லை. களை எடுத்துக்கொண்டே இரண்டு பேர் எல்லைத் தகராறு பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, நடுவில் நிற்கிறவர்கள் கேள்வி கேட்க, மண்வெட்டி விழுந்துகொண்டே இருந்தது. மன்றத்தில் எப்படியோ அப்படியே. ஒரு வித்தியாசம்: நாணல் தட்டிக்குள் அம்மாவைத் தவிர ஆண்கள் மட்டும்தான் கேட்பார்கள். வயலில் பெண்கள் வரிசையும் பக்கத்திலேயே இருக்கிறதே, அவர்கள் வாயை யார் மூடுவது? வரிசை முடிவதற்குள் தகராறு முடிந்துவிட்டது.

மத்தியானம் குதிரையில் போலீஸ்காரர் வந்தார். "யாரு கூப்புட்டு வந்தீங்க?"

"களை தெரிஞ்சுது, வந்தோம்" என்றாள் மோக்கோனேயின் மனைவி.

"இது மன்றமா?"

கிழவர் ட்ஸெலா தொப்பியைத் தூக்கி அவரைப் பார்த்தார். "எங்கப்பன் காலத்துல வெள்ளைக்காரங்க துப்பாக்கியக் குடுன்னாங்க. குடுக்கல. இப்ப மம்பட்டியக் கேக்க வந்திருக்கியா, தம்பி?"

போலீஸ்காரருக்கும் நம் மலைதானே. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு குதிரையைத் திருப்பினார். ஆனால் போகும்போது என்னைப் பார்த்துக்கொண்டே போனார். பயத்தில் இரண்டு சோளச் செடியை வெட்டிவிட்டேன்.

மழையில் நனையாமல் இரு.

மமெல்லோ


ஜோஹானஸ்பர்க்
1947 ஜனவரி 12

மமெல்லோ,

வாழ்கிறேன். கிழவர் சொன்னதை நம் ஊர்க்காரர்களிடம் சொன்னேன். அறையே அதிர்ந்தது. அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிரிப்பது சுலபம், நாங்கள் இங்கே இருக்கிறோம், நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். வயலில் பேச்சு நின்றுவிட்டது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

நலமாக இரு.

லெபூசா


ஹா-மோக்கெதி
1947 ஜனவரி 26

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் வாழ்கிறோம். நல்ல மழை. மாடுகள் கொழுத்திருக்கின்றன.

பேச்சு நிற்கவில்லை. நீ கோபப்படுவாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

மோக்கோனே தன் பசுவைப் பாஃபோலியிடம் வளர்ப்புக்கு விட்டிருந்தார், உனக்குத் தெரியும். பால் வளர்க்கிறவருக்கு, கன்று சொந்தக்காரருக்கு. போன ஜூலைக் குளிரில் பசு செத்துவிட்டது. பாஃபோலி முறைப்படி தோலைக் கொண்டுவந்து காட்டினார். ஆனால் அவர் பட்டியில் ஒரு செவலைக் கிடாரிக் கன்று நிற்கிறது. "அது செத்த என் பசுவோட கன்னு" என்கிறார் மோக்கோனே. "என் சொந்தப் பசு போட்டது" என்கிறார் பாஃபோலி.

மூன்று வரிசை முழுக்க இதே பேச்சு. ஒருவர் நெற்றிச் சுழியைப் பற்றிக் கேட்டார், ஒருவர் காளையைப் பற்றிக் கேட்டார். பாஃபோலி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அவர் பேச்சில் தேன் ஒழுகும், உனக்குத்தான் தெரியுமே. கடைசியில் பெண்கள் வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: "கன்னோட அம்மா உயிரோட இருக்குன்னா, குளிர்காலத்துல உங்க வீட்டுல அதுக்கு எதுக்குச் சுரைக்குடுவையில பால் ஊட்டுனாங்க?"

பாஃபோலி மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை. வரிசை முடிந்து முதுகை நிமிர்த்தும்போதுதான் கேட்டாள்: "பாஃபோலி, கன்னு எங்க போகணும்?"

"மோக்கோனே பட்டிக்கு" என்றார். சாயங்காலம் அவரே ஓட்டிக்கொண்டு போய் விட்டார்.

ஆனால் மறுநாள் அவர் குதிரையில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எதற்கென்று தெரியவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மமெல்லோ


ஜோஹானஸ்பர்க்
1947 பிப்ரவரி 16

அன்புத் தங்கைக்கு,

நான் வாழ்கிறேன். நீங்கள் இருவரும் வாழ வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரமைலி எனக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறார். பெரிய தலைவரின் புதிய மன்றத்துக்கு எழுத்தர் வேண்டுமாம். மாதச் சம்பளம், குதிரைத் தீனிக்குப் படி. அம்மா ஒதுங்கிக்கொண்டால் அந்த வேலை எனக்கு. நான் மறுபடியும் பூமிக்கு அடியில் போக வேண்டாம். வெயிலில் உட்கார்ந்து எழுதலாம். சாயங்காலம் வீட்டில் சாப்பிடலாம். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன்.

பாஃபோலி அரசாங்கக் கச்சேரியில் புகார் கொடுத்துவிட்டாராம். துரையே விசாரிக்க வரப்போகிறார். ஊர்க்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால் உன்னைக் கேட்கப்போவதாக ரமைலி எழுதியிருக்கிறார். நீ பொய் சொல்லாத பிள்ளை என்று மொசாலா வாத்தியார் சொன்னாராம்.

பொய் சொல் என்று நான் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொல்லச் சொல்கிறேன். வயலில் அம்மா வழக்குக் கேட்கிறாள் என்று சொல். முதல் தடவை என்பதால் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று ரமைலி உறுதியாக எழுதியிருக்கிறார். இந்தக் கூத்து முடிந்துவிடும். நான் வந்துவிடுவேன்.

போன வாரம் என் பக்கத்துப் படுக்கை காலியானது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

யோசித்துச் செய்.

உன் அண்ணன்,
லெபூசா


ஹா-மோக்கெதி
1947 மார்ச் 2

அண்ணா,

வாழ்கிறோம். உன் கடிதம் வந்தது. நாலு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "பயப்படாத மமெல்லோ, தெரிஞ்சதச் சொன்னாப் போதும்" என்றார். நல்லவர்தான். துரை வியாழக்கிழமை வருகிறார்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குறட்டை கேட்கிறது. உன் பக்கத்துப் படுக்கையில் இருந்தது யார்? நம் ஊர்க்காரரா? மெழுகுவத்தி தீரப்போகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

மமெல்லோ


ஹா-மோக்கெதி
1947 மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் வாழ்கிறோம். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

துரை பட்டி ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரெல்லாம் போர்வையோடு தரையில். ரமைலி நின்றுகொண்டு மொழிபெயர்த்தார். பாஃபோலியின் புகாரைப் படித்தார்கள்: உரிமை இல்லாத மன்றத்தில் தன் கன்றைப் பிடுங்கிக்கொண்டார்களாம். வயலில் என்ன செய்தீர்கள் என்று துரை ஒவ்வொருவராகக் கேட்டார். "களை எடுத்தோம்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

பிறகு வாத்தியார் என்னைக் காட்டினார்.

எழுந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பட்டியில் நின்ற எருதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் அது என் சொல்தான் என்பதுபோல. 'ஆமாம், அம்மா கேட்கிறாள்' என்ற வார்த்தை என் வாயிலேயே இருந்தது. சொன்னால் நீ வெயிலில் உட்கார்ந்து எழுதுவாய். அந்த நினைப்பு வராமல் இல்லை.

"வயல்ல வழக்கு பேசுனாங்களான்னு துரை கேக்குறாரு" என்றார் ரமைலி.

"பேசுனாங்க."

கூட்டம் முனகியது. ட்ஸெலா தாத்தா தலை குனிந்துகொண்டார்.

"விசாரிச்சது யாரு?"

"எல்லாரும். வரிசையில நிக்கிற யாரு வேணும்னாலும் கேக்கலாம். எங்க மன்றத்துல எப்பவும் அப்படித்தான்."

"அந்தக் கன்னு விஷயத்துல, இவர வாயடைக்க வச்சது யாரு?"

அண்ணா, ஜனவரியில் எழுதியபோது பெண்கள் வரிசையில் யாரோ என்று எழுதினேன். உனக்குக் கோபம் வரும் என்று பயந்துதான் அப்படி எழுதினேன்.

"நான்தான்" என்றேன். "பள்ளிக்கூடம் போற வழியில அவங்க வீடு. குடுவையில பால் ஊட்டுறதத் தினமும் பாத்திருக்கேன். அதனால கேட்டேன்."

ரமைலி மொழிபெயர்த்த பிறகு துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வயது என்ன என்றார். பதினாலு என்றேன்.

"அப்ப தீர்ப்புச் சொன்னது உங்கம்மா."

"இல்ல. கன்னு எங்க போகணும்னு மட்டும் கேட்டாங்க. மோக்கோனே பட்டிக்குன்னு சொன்னது பாஃபோலி ஐயா."

துரை பாஃபோலியைப் பார்த்தார். ஊரே பார்த்தது. அவர் மெதுவாக எழுந்தார். "சொன்னேன்" என்றார்.

"நீங்களே சொல்லிட்டு எதுக்குய்யா புகார்?" ரமைலி இதைத் துரைக்காகக் கேட்டாரா, தனக்காகக் கேட்டாரா தெரியவில்லை.

"ராத்திரி பூராத் தூக்கம் வரல. கச்சேரியில கேட்டா வேற பதில் கெடைக்குமான்னு பாத்தேன்." பாஃபோலி தலையைச் சொறிந்தார். "ஆனா கச்சேரியில யாரும் ஒரு கேள்வியும் கேக்கல. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். நான் சொன்னதெல்லாம் அப்படியே நம்பிட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அப்போது வெடித்த சிரிப்பில் பட்டியிலிருந்த மாடுகள் மிரண்டன. பாஃபோலியும் சிரித்தார். வாத்தியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

துரை சிரிக்கவில்லை. இனிமேல் வயலில் வழக்குப் பேசக் கூடாது என்று எழுந்து நின்று சொன்னார். அம்மாவும் எழுந்தாள்.

"களை எடுக்கும்போது வாயை மூடிக்கிட்டுத்தான் எடுக்கணும்னு சட்டம் இருந்தா, அதைப் படிச்சுக் காட்டச் சொல்லு, ரமைலி. கேட்டுக்கறோம்."

ரமைலி தோல்பையைத் திறந்து பார்த்தார். மூடினார். அப்படி ஒன்றும் இல்லை.

குதிரையில் ஏறிய பிறகு, மறுபடியும் வருவேன் என்றார் துரை.

"வாங்க. அறுப்புக்கு ஆள் பத்தாது" என்றாள் அம்மா.

அவர்கள் குன்றைத் தாண்டும்வரை யாரும் அசையவில்லை. பிறகு ட்ஸெலா தாத்தா 'மழை' என்று குரல் கொடுக்க, ஊர் முழுக்க 'மழை' என்றது. பெரிய கூட்டங்களில் பெரிய மனிதர்கள் பேசி முடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்காகச் சொன்னார்கள், அண்ணா.

உண்மையைச் சொல்லச் சொன்னாய். சொல்லிவிட்டேன். உனக்கு வேண்டியிருந்த உண்மை இது இல்லை என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கோபமாக இருந்தாலும் பதில் எழுது.

மமெல்லோ


ஜோஹானஸ்பர்க்
1947 ஏப்ரல் 27

தங்கை மமெல்லோவுக்கு,

நான் வாழ்கிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. முதலில் கோபம், அதை மறைக்கவில்லை. உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, தினமும் கீழே இறங்கி ஏறினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் இரண்டு பேருக்குள் போர்வைக்காகச் சண்டை. மேஸ்திரியிடம் போகலாம் என்றான் ஒருவன். எனக்கு என்ன தோன்றியதோ, உன் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். பாஃபோலி தலையைச் சொறிந்த இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். பிறகு அந்தப் போர்வையை நடுவில் போட்டு, சுற்றி உட்கார்ந்து, ஆளாளுக்குக் கேள்வி கேட்டோம். விளக்கு அணைப்பதற்குள் முடிந்தது. மேஸ்திரிக்கு இன்றுவரை தெரியாது.

"அந்தப் பொண்ணு உன் கூடப் பொறந்தவளா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். இந்த ஊருக்கு வந்த பிறகு அவ்வளவு நிமிர்ந்து நான் எதையும் சொன்னதில்லை.

ரமைலிக்குப் பதில் அனுப்பிவிட்டேன். எழுத்தர் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கட்டும். ஊரே அம்மாவை என் பெயரை வைத்து மாலெபூசா, லெபூசாவின் அம்மா, என்று கூப்பிடுகிறது. அந்தப் பெயரைச் சம்பளத்துக்கு விற்க மனம் வரவில்லை.

ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. அறுப்புக்குப் பிறகு வயலில் களை இருக்காதே, என்ன செய்வீர்கள்? அதுதான் இப்போது எங்கள் அறையில் பெரிய பேச்சு.

மழை உங்கள் பக்கம் பெய்யட்டும்.

லெபூசா


ஹா-மோக்கெதி
1947 ஜூன் 22

மகன் லெபூசாவுக்கு,

அம்மா சொல்ல மமெல்லோ எழுதுகிறாள். நாங்கள் வாழ்கிறோம். நீ வாழ்கிறாயா, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை இவள் எனக்குப் படித்துக் காட்டினாள். முந்தியதை எல்லாம் படிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

சோளம் அறுத்துக் கதிர் அடித்து முடித்தாகிவிட்டது. அறுப்புக்கும் ஊரே வந்தது. பாஃபோலிதான் முதல் ஆள். துரை வரவில்லை. போலீஸ்காரர் ஒரு நாள் வந்தார். அவர் தம்பிக்கும் மாமனாருக்கும் கல்யாணத்துக்காகப் பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மாடு விஷயத்தில் ஏதோ தகராறாம். குதிரையைக் கட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி, கதிர் சுமந்தார். இரண்டு நடை சுமப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

களை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதே கவலைதான் இருந்தது. போன வாரம் பெண்கள் மண்ணும் சாணமும் குழைத்துக்கொண்டு வந்து, "மாலெபூசா, உன் வீட்டுச் சுவர் வெடிச்சிருக்கு" என்றார்கள். எனக்குத் தெரிந்து ஒரு வெடிப்பும் இல்லை. பூசினார்கள். பூசும்போது ஒரு வேலித் தகராறு பேசினார்கள். ஆண்கள் வெளியே தண்ணீர் சுமந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் நிலைமையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் மேற்குச் சுவரும் வெடித்திருப்பதாகச் சொன்னார்கள். நேற்று மறுபடியும் கிழக்குச் சுவர்.

இந்த நாட்டில் இவ்வளவு தடித்த சுவருள்ள வீடு வேறு யாருக்கும் இல்லை. கச்சேரிக் கட்டடம்கூட நம் பக்கத்தில் நிற்க முடியாது. உன் தங்கை நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள். கிழவர்கள் அவளுக்கு இடம் விடுகிறார்கள். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுதச் சொல்லி அதட்டினேன்.

நீ செப்டம்பரில் வா. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், வாசல் வழக்குக்கு வழக்கு குறுகிக்கொண்டே வருகிறது. பெட்டியை வெளியிலேயே வைத்துவிட்டு, ஒருக்களித்து நுழை.

உன் அம்மா,
மாலெபூசா